மீதிப் பேச்சு எங்கே?

சீனாவில் பள்ளிக் கடைசி வருஷம் படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் காதில் சரியாக விழுகிறதா, கண்ணில் படுவது மண்டையில் ஏறுகிறதா என்று சோதித்துப் பார்ப்பது என் வேலை. அந்த வேலையை நான் பார்க்கும் இடம் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் இருக்கும் வாடகை வீடு. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை. எதிர்வீட்டு அக்கா ஒருநாள் வாசலில் கோலமாவும் கையுமாக நின்று கேட்டார்: "அவன் நமக்கு போன் செஞ்சு அனுப்புறான். நீ அவனுக்குக் கேள்வி செஞ்சு அனுப்புறியா? இன்னாடி கத உடுற?"

கதை இல்லை. அந்த நாட்டில் பள்ளிப்படிப்பு முடியும்போது ஒரு பெரிய பரீட்சை. நம் பிளஸ் டூவை அடுப்பில் வைத்து நன்றாகச் சுண்டக் காய்ச்சினால் எப்படி இருக்குமோ அப்படி. அதற்குப் பிள்ளைகளைத் தயார்படுத்த மாதிரித் தேர்வுகள் தயாரித்து விற்கும் கம்பெனி ஒன்று, உலகம் முழுக்க என்னைப் போன்ற ஆட்களைப் பிடித்துப் போட்டிருக்கிறது. நான் உரையாடல் எழுதுவேன். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பேசுவார்கள். பேச்சு முடிந்ததும் ஒரு கேள்வி, மூன்று விடை, ஒன்று சரி. வாசிப்புப் பகுதிக்குக் கட்டுரையும் எழுதுவேன்: பென்குயின், நேர்மையான டாக்சி டிரைவர், நண்பர்களைச் சம்பாதிப்பது எப்படி, இந்த மாதிரி. ஒருமுறை ஆசையாக எங்கள் ஊர்க் கோட்டையைப் பற்றி எழுதி அனுப்பினேன். 'ராஜாக்கள் அதிகம், குறைக்கவும்' என்று குறிப்பு வந்தது.

நிஜப் பரீட்சையில் காதால் கேட்கும் பகுதி நடக்கும்போது, பள்ளிக்கூடத்துப் பக்கம் வண்டிகள் ஹாரன்கூட அடிக்காதாம். இதை முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. நான் ஒலிப்பதிவு செய்வது திருவண்ணாமலை பஸ்ஸும் திண்டிவனம் பஸ்ஸும் போட்டி போட்டுக்கொண்டு ஏர் ஹாரன் அடிக்கும் இடத்தில். உள்ரூமில் நாலு பக்கமும் ஜமக்காளத்தையும் பழைய ரஜாயையும் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். அதைத்தான் வெளியே பெருமையாக ஸ்டுடியோ என்று சொல்லிக்கொள்வேன். சித்திரை மாசத்தில் அதற்குள் ஃபேனை நிறுத்திவிட்டு, 'இன்று வெளியே பனி பெய்கிறது, கையுறை எடுத்துக்கொள்' என்று இங்கிலீஷில் பேசியிருக்கிறேன். வேர்வை மைக்கில் சொட்டியது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். தபாலில் எம்.ஏ. படித்தவள். மெட்ராசுக்கு அந்தப் பக்கம் போனதில்லை. விமான நிலையம் என்றால், துபாய்க்குப் போன சித்தப்பா மகனை வழியனுப்பக் கண்ணாடிக்கு வெளியே நின்று கை ஆட்டியதோடு சரி. ஆனால் என் உரையாடல்களில் ஜனங்கள் வாரத்துக்கு ஒருமுறை விமானத்தைத் தவறவிடுவார்கள். குடையை மறந்துவிட்டு வருவார்கள். நூலகத்தில் சாவியைத் தொலைப்பார்கள். பல் டாக்டரிடம் நேரத்தை மாற்றச் சொல்லிக் கெஞ்சுவார்கள். ஆரம்பத்தில் எனக்குத் தெரிந்த வாழ்க்கையைத்தான் எழுதினேன். ரேஷன் கடையில் பாமாயில் தீர்ந்துவிட்டது என்று ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொள்ளும் உரையாடல். அதைச் சரிபார்க்கும் வெள்ளைக்காரப் பெரியவர், மகா மரியாதைக்காரர், 'இவர்கள் எங்கே இருக்கிறார்கள், ஏன் இவ்வளவு கோபமாக இருக்கிறார்கள்' என்று கேட்டு எழுதினார். நூலகமாக மாற்றினேன். கோபத்தையும் எடுத்துவிட்டேன்.

என் காது எப்பேர்ப்பட்ட காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் வெளிநாட்டுத் தம்பதி ஒன்று, முதுகில் ஆளுக்கொரு மூட்டையோடு, என்னிடம் ஏதோ கேட்டது. கேட்டது இங்கிலீஷ்தான். ஆனால் வேகமாக, வாய்க்குள்ளேயே. நான் சிரித்த முகத்தோடு "எஸ், எஸ்" என்றேன். அவர்களும் சந்தோஷமாக நன்றி சொல்லிவிட்டு எதிரே நின்ற பஸ்ஸில் ஏறினார்கள். பஸ் கிளம்பி, முக்கில் திரும்பிய பிறகுதான், அவர்கள் கேட்டது 'இந்த பஸ் கோட்டைக்குப் போகுமா' என்பது எனக்கு உறைத்தது. அந்த பஸ் மேல்சித்தாமூர் போவது. கோட்டையை நினைத்துக்கொண்டு போனவர்கள் சமண மடத்தில் போய் இறங்கியிருப்பார்கள். பார்த்தவர்களும் சும்மா இருக்கவில்லை. பழக்கடைக்காரர், "டீச்சரம்மா இங்கிலீஷ்ல பொளந்து கட்டிட்டாங்க" என்றார். வீட்டுக்கு வந்து அன்று மாலையே சீனப் பிள்ளைகளுக்கு மூன்று கேள்வி எழுதினேன். வெட்கம் இருந்தால் இந்தத் தொழில் செய்ய முடியாது.

இனி நைனாவின் கண்.

என் நைனா அவலூர்பேட்டை ரோட்டில் இருக்கும் எங்கள் கிராமத்தில் தனியாக இருக்கிறார். அம்மா போன பிறகு தானே பொங்கித் தின்கிறார். கொஞ்சம் நிலம், ஒரு பழைய மொபெட், எப்போதும் கூடவே சுற்றும் ஒரு பெட்டைக்கோழி. நான் ஒரே மகள். போன வருஷம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில், இரண்டு கண்ணிலும் புரை, இடது கண்ணை உடனே அறுவை செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் அந்தக் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அறுவை பெரிய விஷயமில்லை. அதற்கப்புறம்தான் விஷயம். வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட ஆள் வேண்டும். அடுப்புப் புகை ஆகாது, குனியக் கூடாது, தலைக்குத் தண்ணி ஊற்றக் கூடாது. கூட ஆள் இல்லாமல் வந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்கவே மாட்டார்கள். ஆக, நைனாவுக்குப் பார்வை வேண்டுமென்றால் அவர் என் வீட்டுக்கு வந்து தங்க வேண்டும். வேறு போக்கிடம் கிடையாது.

நான் கூப்பிட்டேன். கூப்பிடாமல் இல்லை. இரண்டு ஒலிப்பதிவுக்கு நடுவில், மைக்கை அணைத்துவிட்டு, போனில் கூப்பிட்டேன்.

"நைனா, ஆபரேஷன் முடிஞ்சதும் இங்க வந்து தங்கிக்க. நான் பாத்துக்கறேன்."

"வேணாம்மா. உனுக்கு எதுக்குத் தொல்ல? நான் எப்டியாவது சமாளிச்சுக்கறேன்."

"சரி நைனா. சாப்டியா?"

"சாப்ட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்ததும் எனக்கு வந்த முதல் உணர்ச்சி என்ன தெரியுமா? நிம்மதி. சொல்லவே நாக்கூசுகிறது, ஆனால் நிம்மதிதான். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு ரூம். நைனா வந்தால் உள்ரூம் அவருக்கு. என் ஜமக்காளமெல்லாம் கீழே இறங்கிவிடும். அவருக்கு வேறு இருமல். விமானத்தைத் தவறவிடும் பெண்ணுக்குப் பின்னால் ஓர் ஆள் லொக்கு லொக்கென்று இருமினால் சீனப் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? நான் கேட்டேன், அவர் வேண்டாம் என்றார், கடமை முடிந்தது. தோசைக்கு ஊறப்போடப் போய்விட்டேன்.

அதோடு விட்டிருந்தாலும் தேவலை. எனக்கு ஒரு வியாதி உண்டு. காதில் விழுவதையெல்லாம் கேள்வியாக்கிவிடுவேன். புருஷனும் பெண்டாட்டியும் பஸ்ஸில் சண்டை போட்டால், 'அந்தப் பெண் ஏன் கோபமாக இருக்கிறாள்' என்று மூன்று விடை மனதில் தானாக வந்து நிற்கும். அன்று அரிசி ஊறிக்கொண்டிருக்கும்போதே நைனாவின் பேச்சு உரையாடலாகிவிட்டது. மகள் கூப்பிடுகிறாள், அப்பா வேண்டாம், சமாளித்துக்கொள்கிறேன் என்கிறார். கேள்வி: அப்பா அடுத்து என்ன செய்வார்? முதல் விடை, தன் வீட்டிலேயே இருப்பார். இரண்டாவது, மகள் வீட்டுக்குப் போவார். மூன்றாவது, வேறு டாக்டரைப் பார்ப்பார். சரியான விடை முதல்தான், அதில் என்ன சந்தேகம்? மனுஷன் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்கிறாரே. தாளிலேயே சுலபமான கேள்வி என்று குறித்து, பிள்ளைகளுக்குத் தைரியம் வரட்டும் என்று முதலில் வைத்தேன்.

மாதிரி ஒலிப்பதிவுக்கு ஆண் குரல் என் வீட்டுக்காரர். தாலுக்கா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மத்தியானம் சாப்பிட வருபவரைச் சோற்றுக்கு முன் பிடித்து உள்ளே தள்ளிவிடுவேன். அவர் இங்கிலீஷைப் படிப்பது கிராம நிர்வாக அலுவலர் சிட்டா வாசிப்பது மாதிரி இருக்கும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அன்று அவர்தான் அப்பா. 'நோ, நோ' என்று படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"இது மாமா சொன்னதாச்சே?"

"ஆமா."

"அவ்ளோதானா? இதுக்கு மேல ஒண்ணும் இல்லியா?"

"அவ்ளோதான். படிங்க. அடுத்த பஸ் வந்துடும்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் படித்தார். எனக்குப் பசி வேறு. அவர் எதற்குக் கேட்டார் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை.

அந்தக் கேள்விக்கு வெள்ளைக்காரப் பெரியவரிடமிருந்து வந்த குறிப்பைப் படித்துவிட்டு நான் தரையில் நிற்கவில்லை. சிவப்பு மையைத் தவிர வேறெதையும் எனக்குக் காட்டாத மனிதர், 'தெளிவு, சந்தேகத்துக்கு இடமே இல்லை, அருமை' என்று எழுதியிருந்தார். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் கடையில் சூடாக மெதுவடை வாங்கி வந்து வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன். "உங்க குரல் சீனா வரைக்கும் போவுது" என்றேன். "மாமாவுக்கு ஆபரேஷன் எப்ப?" என்றார் அவர். "அவருதான் வேணாம்னுட்டாரே" என்றேன். அவர் வடையைத் தின்றார்.

அதற்குப் பிறகு ஒருநாள் நைனா கொதிக்கும் கஞ்சித் தண்ணியை வடிக்கப்போய்க் கால்மேல் கொட்டிக்கொண்டார். பாத்திரத்தின் விளிம்பு தெரியவில்லை. எனக்கு இது பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. போன் போட்டால், "சும்மா லேசா சூடு பட்டுச்சு. அதுக்கோசரம் போன் பண்ணினியா?" என்றார். அந்தப் பார்வையோடுதான் பொழுது சாய்ந்த பிறகும் மொபெட்டில் அவலூர்பேட்டைக்குப் போய்வருகிறார் என்றும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். நைனாவிடம் கேட்டேன். "ரோடு எனுக்குத் தெரியாதா? வண்டிக்கே தெரியும்" என்றார். அதையும் நம்பினேன். தங்கத்தில் செய்த காது எனக்கு. யார் எதைச் சொன்னாலும் அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும்.

எழுதிய கேள்விகளை விற்பதற்கு முன் அங்கே சில வகுப்புகளில் போட்டுப் பார்ப்பார்கள். அதைக் கவனித்துக்கொள்வது சீனத்து டீச்சர் ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். மாதம் ஒருமுறை கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவோம். அவள் பேசும் இங்கிலீஷும் நான் பேசும் இங்கிலீஷும் இங்கிலாந்துக்குப் போனால் இரண்டையும் உள்ளே விடமாட்டார்கள். ஆனால் எங்களுக்குள் நன்றாகப் புரிந்துகொள்வோம். அந்த மாதம் அவள் என்னுடைய அந்தச் சுலபமான கேள்வியை எடுத்து வைத்துக்கொண்டு, "இதைக் குப்பையில் போட வேண்டும்" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன்?"

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரு கேள்விக்கு, நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் சரியாக எழுதி, மற்றவர்கள் தடுமாறினால், அது நல்ல கேள்வி. எல்லோரும் சரியாக எழுதினால் சுலபமான கேள்வி. ஆனால் தடுமாறுகிற பிள்ளைகள் சரியாக எழுதி, கெட்டிக்காரப் பிள்ளைகள் தப்பாக எழுதினால், கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, கேள்வியில் இருக்கிறது. என் கேள்விக்கு அதுதான் நடந்திருந்தது. அரைகுறையாகக் காதில் வாங்கியவர்கள், 'வேண்டாம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டிலேயே இருப்பார் என்று போட்டிருந்தார்கள். வகுப்பின் முதல் வரிசைப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒன்று சேர்ந்தமாதிரி, மகள் வீட்டுக்குப் போவார் என்று போட்டிருந்தார்கள்.

"அவர் வேண்டாம் என்று வாயால் சொல்கிறாரே! இதைவிட எப்படித் தெளிவாகச் சொல்வது? உங்கள் பிள்ளைகளுக்குக் காது கேட்காதா?" என்றேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நானும் ஆச்சரியப்பட்டு ஏன் இப்படிப் போட்டீர்கள் என்று எழுதச் சொன்னேன்" என்று சில பதில்களைப் படித்துக் காட்டினாள். ஒரு பையன் எழுதியிருந்தான்: 'அப்பா முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார். எந்த அப்பா உடனே சரி என்பார்?' இன்னொருத்தி: 'சமாளித்துக்கொள்கிறேன் என்று சொல்கிறவரால் சமாளிக்க முடியாது.' அப்புறம், வகுப்பிலேயே முதலாவதாக வரும் பெண், இரண்டாவது விடையைக் குறித்துவிட்டுக் கீழே எழுதியிருந்தாளாம்: 'ஒலிப்பதிவு பாதியில் நின்றுவிட்டது. மகள் மறுபடியும் கூப்பிடும் இடம் எங்களுக்குப் போடப்படவில்லை. மீதிப் பேச்சு எங்கே?'

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள். "எனக்கும் அதுதான் தோன்றியது. ஃபைல் அனுப்பும்போது வெட்டுப்பட்டுவிட்டதா?"

என் முகத்தில் ஈயாடவில்லை. "ஆமாம்" என்றேன். "எங்கள் ஊரில் கரண்ட் போய்ப் போய் வரும். வெட்டுப்பட்டுவிட்டது. மீதியை அனுப்புகிறேன்."

பாவம், கரண்டுக்கு எத்தனை பழிதான் சேரும்.

கம்ப்யூட்டரை மூடிவிட்டு ஜமக்காளங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ்ஸும் ஹாரன் அடிக்கவில்லை. எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. இந்த வழக்கம் எனக்குத் தெரியாததா? நான் இந்த மண்ணில் பிறந்தவள்தானே? கல்யாணப் பந்தியில் "போதும், போதும்" என்று இலைக்கு மேல் கையை விரிப்பவருக்கு, அந்தக் கையைத் தள்ளிவிட்டுச் சாம்பார் ஊற்றுகிற கூட்டம்தானே நாங்கள்? போதும் என்றதும் நிறுத்திவிட்டுப் போனால், பெண்வீட்டார் சரியாகக் கவனிக்கவில்லை என்று ஊருக்குப் போய்ப் பேசமாட்டோமா? எங்கள் பக்கம் ஒரு தடவை கூப்பிட்டால் அது கூப்பிட்டதே ஆகாது. அதிலும் போனில் கூப்பிட்டால் அது வெறும் தகவல். நேரில் போக வேண்டும், ஜோடியாகப் போக வேண்டும், வெறுங்கையோடு போகக் கூடாது. பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய்த் தங்க நைனா மாதிரி ஆட்கள் லேசில் ஒத்துக்கொள்ளவும் மாட்டார்கள். மகள் கூப்பிட்டால் போதாது, மருமகன் வாய்திறந்து கூப்பிட வேண்டும். இதெல்லாம் எனக்குப் பாலோடு ஊட்டிய பாடம். எல்லாம் தெரிந்தும் 'சரி நைனா, சாப்டியா' என்று கேட்டுவிட்டுத் தோசைக்கு ஊறப்போட்டிருக்கிறேன். செஞ்சி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஒரு பெண், ஏதோ ஒரு வகுப்பறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, என் நைனா சொன்னதைச் சரியாகக் காதில் வாங்கிவிட்டாள். அழுகைதான் வந்தது. அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெராக்ஸ் கடையை அடைக்கச் சொன்னேன். வீட்டுக்காரர் எதற்கு என்று கேட்கவில்லை. வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், நைனாவுக்குப் பிடிக்கும் காராபூந்தி. பைக்கில் கிளம்பினோம். வழியெல்லாம் அவருக்குப் பாடம் எடுத்தேன். "நான் கூப்ட்டப்புறம் நீங்க கூப்டணும். சும்மா தூண் மாதிரி நிக்கக் கூடாது. புரியுதா?" "புரியுது" என்றார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்பதை அந்தக் குரலை வைத்துச் சொல்ல எந்த நாட்டுப் பிள்ளைக்கும் காது கிடையாது.

நைனா வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலில் கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. நாங்கள் கிட்டே வந்த பிறகும் யார் என்று தெரியாமல் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார். "பாப்பாவா? வாங்க மாப்ள, வாங்க வாங்க. இன்னா திடுதிப்புனு?" அந்தத் தலைச் சாய்ப்பைப் பார்த்தேன். நான் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"நைனா, கண்ணு ஆபரேஷன் பண்ணிக்க. எங்க ஊட்ல வந்து இரு."

"வேணாம்மா."

"ஏன் வேணாம்? வா நைனா."

"நான் நல்லாத்தான இருக்கேன்? உனுக்கு வேல இருக்குது. ரூம்ல இன்னாமோ ரெகாட் பண்றியாமே. நான் வந்து குந்திகினு இருந்தா உனுக்குத் தொல்ல."

"ரூமாவது மண்ணாவது! வா நைனா, கெஞ்சிக் கேக்கறேன்."

அவர் முகத்தைத் திருப்பி, என் வீட்டுக்காரர் நிற்கிற திசையில், அங்கே ஆள் இருக்கிறாரா என்று தேடுகிறமாதிரி பார்த்தார். நான் முழங்கையால் ஓர் இடி இடித்தேன். வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வாங்க மாமா" என்றார், அதே சிட்டா வாசிக்கும் குரலில்.

"இல்ல மாப்ள, பரவால்ல, வேணாம்."

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். மாமனாருக்குக் கேட்கும்படியே சொன்னார்: "வேணாம்னு சொல்றாரே."

"கேளுங்க!" என்று கத்தினேன். அடுத்த வீட்டு நாய் எழுந்து நின்றது. "இன்னொரு வாட்டி கேளுங்க! அவரு அப்டித்தான் சொல்வாரு! நீங்க கேட்டுகினே இருங்க!"

எந்த வீட்டிலும் இந்த ரகசியத்தை இப்படிப் பட்டப்பகலில் போட்டு உடைத்திருக்க மாட்டார்கள். நைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். வீட்டுக்காரர் எனக்குப் பயந்தோ, நிஜமாகவே இரக்கப்பட்டோ, நான் சொல்லித்தராத ஒன்றைச் செய்தார். கட்டிலில் நைனா பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தக் கொப்புளக் காலைப் பார்த்துக்கொண்டு, "மாமா, நீங்க வர்லன்னா இவ என்னிய உயிரோட உடமாட்டா. எனுக்கோசரம் வாங்க" என்றார்.

கோழி வந்து நைனாவின் கால்மாட்டில் நின்றது. கை துழாவி அதன் முதுகைத் தொட்டார்.

"அது சரி" என்றார். "இந்தக் கோழிய இன்னா பண்றது?"

மூன்று விடை கொடுத்து, 'அப்பா அடுத்து என்ன செய்வார்' என்று கேட்டிருந்தால் அந்த நேரத்தில் தமிழ்நாட்டிலேயே முதல் மார்க் எனக்குத்தான். "கோழியும் வரட்டும்" என்றேன்.

வந்தது. பைக்கில் நைனா நடுவில், நான் பின்னால், என் மடியில் ஒயர்கூடையில் கோழி. செஞ்சி போய்ச் சேரும்வரை வீட்டுக்காரர் நான் சொல்லாமலே மெதுவாக ஓட்டினார். அந்த வாரமே நைனாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கண்கட்டைப் பிரித்த அன்று டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். நைனா அதற்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்து, "இன்னாம்மா இவ்ளோ எளச்சிட்ட?" என்றார். எளைக்கவெல்லாம் இல்லை, நன்றாகப் பூசினாற்போல்தான் இருந்தேன். ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டு ஆஸ்பத்திரியிலேயே மூக்கை உறிஞ்சினேன்.

இப்போது உள்ரூமில் நைனா. ஜமக்காளத்தில் பாதி அவருக்கு விரிப்பாகப் போய்விட்டது. மைக்கை அவர் கட்டிலுக்குத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். 'சைலன்ஸ்' என்று சொன்னால் இருமலை அடக்கிக்கொண்டு கன்னம் உப்ப உட்கார்ந்திருப்பார். கோழி அடக்காது.

சீனத்து டீச்சருக்கு வாக்குக் கொடுத்த மீதிப் பேச்சை அந்த ரூமில்தான் பதிவு செய்தேன். மகள் மறுபடி கேட்கிறாள், அப்பா மறுக்கிறார், மகள் விடவில்லை, மருமகன் கூப்பிடுகிறார், கடைசியில் அப்பா கோழியைப் பற்றிக் கேட்கிறார். இரண்டு ஆண் குரலுக்கும் ஒரே ஆள்தான், வீட்டுக்காரர். கேள்வி அதே கேள்வி. அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக்காரப் பெரியவரின் சிவப்பு மை பழையபடி வந்தது. 'மகள் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள், ஒரு தடவை போதுமே. கோழி எதற்கு? மேலும், அப்பா கடைசியாகப் பேசுவதற்கு முன் பின்னால் யாரோ இருமுகிறார்கள். நீக்கவும்.'

நான் எப்போதும் அவர் சொன்னதைச் செய்துவிடுகிறவள். ரேஷன் கடையை நூலகமாக்கியவள். அன்று முதல்முறையாகப் பதில் எழுதினேன்: 'அவள் அத்தனை தடவையும் கேட்கத்தான் வேண்டும். கோழி இல்லாமல் விடை கிடையாது. இருமுவது அந்த அப்பாதான். அவர் இங்கேதான் இருக்கிறார், இருக்கட்டும்.'